மயிலுக்குப் போர்வை, மனைவிக்கு?

தோழா!

மயிலுக்குப் போர்வை தந்தவன் பேகன். பள்ளியிலே படித்தாய், பேச்சுப் போட்டியிலே பேசினாய். மலைச்சாரலில் தோகை விரித்து நின்ற மயிலைக் கண்டான். குளிரில் நடுங்குகிறதென எண்ணினான். தோளிலே கிடந்த போர்வையை எடுத்துப் போர்த்தினான். வள்ளல் எழுவரில் ஒருவனானான். கைதட்டி மகிழ்ந்தோம். மேடையேறி முழங்கும் நானும் பேகன் பெயரைச் சொல்லிப் பலமுறை கைதட்டல் வாங்கியவன்தான், மறைப்பானேன்?

அந்தப் பேகனுக்கு ஒரு மனைவி இருந்தாள். அதை எந்தப் பேச்சுப் போட்டியிலும் நாம் சொன்னதில்லை. அவள் பெயரும் கண்ணகிதான். மதுரையை எரித்த கண்ணகி அல்ல; எரிக்க ஊருமின்றி, உடைக்கச் சிலம்புமின்றி, வீட்டுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்த கண்ணகி! மயிலின் குளிரை உணர்ந்த மாவள்ளல் மனையாளைத் துறந்தான். வேறொருத்தியின் இல்லத்தில் தங்கினான். புறநானூற்றிலே 143ஆம் பாட்டு முதல் 147ஆம் பாட்டு முடிய ஐந்து பாடல்களும் இந்த ஒரே வழக்கைப் பற்றியவை. ஆம், வழக்கு என்றே சொல்கிறேன். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் எனப் புலவர் நால்வர் அந்தப் பெண்ணுக்காக வாதாடினார்கள். பொன் வேண்டா, பொருள் வேண்டா, தேரைப் பூட்டு, அவள் துயர் தீர்க்கத் திரும்பிப் போ, அதுவே எமக்குப் பரிசில் என்றார்கள். பரிசில் பெறப் போன புலவன், பரிசிலை மறுத்து ஒரு பெண்ணுக்காகப் பேசினான். பெருமைதான். தமிழன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய பெருமைதான்.

ஆனால் தோழா, கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவந்தவன் கேட்கும் கேள்விக்குக் கற்றறிந்தோர் விடை சொல்லட்டும். நால்வர் சென்று இரந்தனர். அவன் மனம் இரங்காதிருந்தால்? அந்த மலைநாட்டிலே அவளுக்கென ஒரு பிடி நிலம் இருந்ததா? அவனை நிறுத்திக் கேள்வி கேட்க ஓர் அவை இருந்ததா? கண்ணீர் இருந்தது. கண்ணீரைப் பாட்டாக்கும் புலமை இருந்தது. இரக்கம் இருந்தது. உரிமை எங்கே இருந்தது?

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. ஒரு மூதாட்டி கேட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன், தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் என் நாடகம் நடந்தது. கணவனால் விரட்டப்பட்ட நாயகி. கடைசிக் காட்சியில் தாலியைக் கழற்றி அவன் முகத்திலே வீசுவாள். முழுதாக ஐந்து நிமிடம் வசனம் பேசுவாள். குழந்தையைத் தோளிலே சாய்த்துக்கொண்டு இருளிலே நடப்பாள். விளக்கு அணையும். கொட்டகை அதிரும். அந்த வசனத்தை ஒரே இரவில் எழுதினேன் என்று நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த காலம் அது. அன்றும் கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. அரிதாரம் கலைக்கும் இடத்துக்கு அந்த மூதாட்டி வந்தார்.

"நல்லா இருந்துச்சு தம்பி. பேச்செல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க. அந்தப் பொண்ணு புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போனாளே, விடிஞ்சதும் அதுக்குப் பாலுக்கு என்ன பண்ணுனா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் அப்படி நடந்து வந்து முப்பது வருசம் ஆச்சு. அதான் கேட்டேன்" என்றார், போய்விட்டார்.

தோழா! அன்று முதல் அந்தக் கடைசிக் காட்சியை நினைத்தாலே எனக்கு நாணமாக இருக்கிறது. வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணுக்கு வசனம் எழுதத் தெரிந்தது. விடிந்த பிறகு அவள் எங்கே போவாள், எதை உண்பாள், யாரைக் கேட்பாள் என்று எழுதத் தெரியவில்லை. எழுதாதது மட்டுமா, எண்ணிப் பார்த்ததும் இல்லை.

இப்போது எண்ணிப் பார்ப்போம். விடிந்தது. எங்கே போவாள்? தாய்வீட்டுக்குத்தான். முதல் நாள் அழுகை. இரண்டாம் நாள் ஆறுதல். மூன்றாம் நாள் அண்ணன் பேசவில்லை, அண்ணி பேசினாள். அவளைக் கடிந்து என்ன பயன்? அந்த வீட்டிலும் அரிசி அளந்துதான் வேகிறது. ஒரு வீடு உடைந்தால் உடைவது ஒரு வீடன்று, தோழா. பெற்றவர்கள் திருமணத்துக்கு வாங்கிய கடனே தீர்ந்திராது; அதன் மீது இன்னொரு குடும்பம் வந்து ஏறும். தங்கையின் திருமணப் பேச்சு நிற்கும். தம்பியின் படிப்பு தடுமாறும். நகை அவளிடம் இருந்தால் அடகுக் கடைக்குப் போகும். பெரும்பாலும் அது கணவன் வீட்டுப் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கும். நியாயவிலைக் கடைக்குப் போனால் அவள் பெயர் கணவன் வீட்டுக் குடும்ப அட்டையில் இருக்கும். பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்க்கப் போனால் தகப்பனார் எங்கே என்று கேட்பார்கள். வேலை செய்கிறார் என்பாள். எங்கே என்பார்கள். அந்த இரண்டாவது கேள்வியிலே அவள் பட்டுப் போவாள்.

சட்டம் இல்லையா என்று நீ கேட்பாய். இருக்கிறது. எளிதில் வந்ததன்று அது. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், மணவிலக்கு உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. குடி கெட்டது, குலம் கெட்டது என்று கூவினார்கள் அன்றைக்கு. இருபதாண்டு கழித்து, 1949இல், சென்னை மாகாணம் இந்து ஆண்கள் இருதாரம் கொள்வதைத் தடுத்தது. மணவிலக்குக்கும் வழி வகுத்தது. இந்தியா முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் அதற்கு ஆறாண்டு கழித்து, 1955இல்தான் வந்தது. இருவரும் மனமொத்துப் பிரியலாம் என்ற விதி அதிலே சேர 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

இதிலே நம்மவர் பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. மாலை மாற்றிச் சீர்திருத்த முறையில் மணந்துகொண்ட பெண்களின் கதை. தலைவர்கள் வாழ்த்தினார்கள், ஊரார் வாழ்த்தினார்கள், சட்டம் வாழ்த்தவில்லை. அத்தகைய மணம் செல்லாதென 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பொருள் என்ன? வாழ்ந்தவரை மனைவி, பிரிந்தால் யாரோ! சொத்திலே பங்கு கேட்க வாயில்லை. பிள்ளைகளுக்கு வாரிசுரிமையிலே ஐயம். புரோகிதரை விலக்கிய புரட்சிக்கு விலை கொடுத்தவள் அவள். நாம் முழக்கம் கொடுத்தோம். 1967இல் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றி, 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்து, முன்பு நடந்த மணங்களும் செல்லும் என்று ஆன பிறகுதான் அந்தப் பெண்கள் மூச்சு விட்டார்கள். மேடைக் கொள்கைக்கும் மறுநாள் காலைக்கும் நடுவே எத்தனை தொலைவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஜீவனாம்சத்துக்கு வருவோம். மனைவியையும் மக்களையும் காப்பாற்ற மறுப்பவனிடம் மாதந்தோறும் தொகை வாங்கித் தரும் விதி, வெள்ளையன் காலத்துக் குற்ற நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. 1955இல் அதற்கு உச்சவரம்பு 500 ரூபாய் என்று வைத்தார்கள். 1955இல் 500 ரூபாய் பெரிய தொகை. 1973இல் புதுச் சட்டம் எழுதினார்கள். பிரிவு எண் 125 ஆயிற்று. 500 ரூபாய் 500 ரூபாயாகவே நின்றது. விலைவாசி ஏறிற்று. அமைச்சர் சம்பளம் ஏறிற்று. நீதிபதி சம்பளம் ஏறிற்று. கைவிடப்பட்டவளின் 500 மட்டும் ஏறவில்லை. அந்த வரம்பை நீக்க இந்திய நாடாளுமன்றத்துக்கு 2001ஆம் ஆண்டு வரை நேரம் கிடைக்கவில்லை! நாற்பத்தாறு ஆண்டுகள், தோழா! 1955இல் கைக்குழந்தையோடு நின்றவள் 2001இல் கொள்ளுப் பேரன் கண்டிருப்பாள்.

இந்தூர் நகரத்து ஷா பானுவின் பெயரை நீ கேட்டிருப்பாய். நாற்பத்து மூன்றாண்டு வாழ்ந்து, ஐந்து பிள்ளை பெற்று, அறுபது வயதைக் கடந்த பின் விரட்டப்பட்டவர். கணவர் வழக்கறிஞர். 1979இல் நடுவர் மன்றம் அந்த அம்மையாருக்கு விதித்த தொகை எவ்வளவு தெரியுமா? மாதம் 25 ரூபாய். உயர்நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 20 காசையும் விடாமல் கணக்குப் பார்த்த நீதி! 1985இல் உச்சநீதிமன்றம் அந்தத் தொகையை உறுதி செய்ததும் நாடே கொதித்தது. மதம் பேசினார்கள், மரபு பேசினார்கள், வாக்கு வங்கி பேசினார்கள், 1986இல் தனிச்சட்டமே கொண்டுவந்தார்கள். அத்தனை கூச்சலிலும், 179 ரூபாயில் ஒரு மூதாட்டி மாதத்தை எப்படி ஓட்டுவார் என்று கேட்ட குரல்கள் மிகச் சில. மணவிலக்குப் பெற்ற இசுலாமியப் பெண்ணும் எல்லாரையும் போலப் பொதுச் சட்டத்தின்கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என்று 2024 சூலைத் திங்களில் உச்சநீதிமன்றம் ஐயமின்றிச் சொல்லிற்று. அதே சூலைத் திங்கள் முதல் நாள் பழைய சட்டமும் போய்ப் புதுச் சட்டம் வந்தது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா! பெயரைச் சொல்லவே நம் வழக்கறிஞர்களுக்கு நாப்பயிற்சி வேண்டியிருக்கிறது. 125ஆம் பிரிவு 144ஆம் பிரிவாயிற்று. எண் மாறிற்று, மொழி மாறிற்று, அடுப்பு எரிகிறதா என்று மட்டும் கேட்காதே.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, இயன்றவரை 60 நாளில் முடிக்க வேண்டுமாம். மனுப் போட்ட நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும், கணவன் மனைவி இருவருமே தத்தம் சொத்தையும் வருவாயையும் கடனையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் 2020 நவம்பரில் உச்சநீதிமன்றம் வழிகாட்டிற்று. நல்ல தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு ஒன்றையாவது நம் படிப்பகங்களில் தமிழில் எழுதி ஒட்டலாம், ஒட்டியிருக்கிறோமா?

ஆனால் தாழ்வாரத்திலே நடப்பதைப் பார். சம்மன் போகிறது; ஆள் ஊரில் இல்லை என்று திரும்பி வருகிறது. இரண்டாம் முறை போகிறது. முகவரி தவறு என்று வருகிறது. மூன்றாம் முறை ஆள் வருகிறார், வழக்கறிஞர் வரவில்லை. நான்காம் முறை வழக்கறிஞர் வருகிறார், ஆள் வரவில்லை. ஐந்தாம் முறை இருவரும் வருகிறார்கள், நீதிபதிக்கு மாறுதல்! வாய்தா, வாய்தா, வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் ஒரு நாள் கூலியை இழக்கிறாள். பேருந்துக்குக் கடன் வாங்குகிறாள். பிள்ளையை அடுத்த வீட்டிலே விட்டு வருகிறாள். வழக்குப் போட்டவளுக்குத்தான் தண்டனை முதலில் தொடங்குகிறது.

பிரமாணப் பத்திரத்தில் நடக்கும் விந்தையை ஒரு நாடகமாகவே எழுதலாம். மணமேடையில் மாப்பிள்ளைக்கு மூன்று ஏக்கர் நஞ்சை, சொந்த வீடு, கை நிறையச் சம்பளம். நீதிமன்றக் கூண்டிலே அதே மாப்பிள்ளைக்கு நிலம் தம்பி பேரில், வீடு தாய் பேரில், வேலை தினக்கூலி! பெண் பார்க்க வந்தபோது பெருக்கிச் சொன்ன வாய், பிள்ளைக்குச் சோறு போடும்போது சுருக்கிச் சொல்கிறது. தீர்ப்பாகி விட்டதா? மகிழாதே. முதல் மாதம் வரும். இரண்டாம் மாதம் பாதி வரும். பிறகு நின்றுவிடும். நிலுவைக்கு மீண்டும் மனு. நிலுவை விழுந்த ஓராண்டுக்குள் போட வேண்டும். அதிலே வாரண்டு. கட்டாதவனை, நிலுவை மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறைக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர் உண்டு. தீராது என்று உச்சநீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. சொல்லி என்ன! அவனைச் சிறையில் பார்க்க ஊரே போகும், புருசனை உள்ளே தள்ளியவள் என்ற பெயர் அவளுக்கு வரும், பணம் வராது.

இத்தனைக்கும் ஜீவனாம்சம் என்பது உயிரைப் பிடித்து வைக்கும் கஞ்சி. நான் கேட்பது அதற்கு மேலே. இருபதாண்டு அவன் சம்பாதித்தான். இருபதாண்டு அவள் சமைத்தாள், துவைத்தாள், மாமியாரின் படுக்கைப் புண்ணுக்கு மருந்திட்டாள், பிள்ளைகளை ஆளாக்கினாள். வீடு வாங்கினார்கள். பத்திரம் அவன் பேரில். பிரிந்தார்கள். வீடு யாருடையது? பத்திரத்தில் பெயர் உள்ளவனுடையது என்கிறது இந்திய நாட்டுப் பொது வழக்கம். அவள் உழைப்பு எந்தப் பத்திரத்திலும் பதிவாகவில்லை. கோவா இதற்கு விலக்கு. போர்த்துக்கீசியர் 1867இல் எழுதிய சிவில் சட்டத்தின் வழிவந்த முறை அங்கே இன்னும் நிற்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லையேல் மணமானவுடன் சொத்து இருவருக்கும் பொது. நாட்டின் மற்றப் பகுதிப் பெண்ணுக்கு? மணவாழ்வு மீளாதபடி முறிந்ததென மணவிலக்குத் தரும்போது, கணவன் சொத்திலே பெண்ணுக்குப் பங்கும் தர வேண்டும் என்ற மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறிற்று, மக்களவையிலே கிடந்தது, 2014இல் அவை கலைந்தது, மசோதாவும் செத்தது. அழுதவர் எவர்?

ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. அதுவும் நம் ஊரிலே. வளைகுடா நாட்டிலே ஒருவர் உழைத்தார். இங்கே அவர் மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் காத்தார். அவர் அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கப்பட்டது. பின்னாளில் அத்தனையும் என்னுடையதே என்று கணவர் வழக்காடினார். 2023 சூன் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் என்ன சொல்லிற்று? விடுமுறையின்றி நாள் முழுதும் அவள் வீட்டிலே உழைத்ததனால்தான் அவனால் வெளியே பொருள் ஈட்ட முடிந்தது; மனைவியின் பங்களிப்பை மதிக்கச் சட்டம் தனியே இல்லாவிட்டாலும், நீதிமன்றம் அதை மதிப்பதற்குத் தடை ஏதுமில்லை; எனவே சில சொத்துகளில் அவளுக்குச் சரிபாதி உண்டு என்றது. தோழா, இதைப் படித்த அன்று நான் எழுந்து நின்றேன். அடுப்பங்கரைப் புகைக்கு ஒரு நீதிமன்றம் விலை போட்டிருக்கிறது! ஆனால் ஒரு தீர்ப்பு ஒரு வீட்டுக்கு. எல்லா வீட்டுக்கும் வேண்டுமானால் சட்டம் வேண்டும். மகளுக்குப் பிறந்த வீட்டுச் சொத்திலே சமபங்கு தர 1989இல் முந்திக்கொண்ட தமிழ்நாடு, புகுந்த வீட்டைப் பற்றியும் முந்திக்கொள்ளலாகாதா?

பிள்ளைகளைப் பற்றி நெடுக எழுத என் பேனா மறுக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் தகப்பனையே இயற்கைக் காப்பாளன் என்கிறது. அவனுக்குப் பிறகு தாய். பத்து மாதம் சுமந்தவள் இரண்டாம் இடத்திலே! 1999இல் உச்சநீதிமன்றம் அந்தப் 'பிறகு' என்ற சொல்லைத் தளர்த்தி, தகப்பன் பொறுப்பேற்காத நிலையிலே அவன் உயிரோடிருக்கும்போதும் தாய் காப்பாளராகலாம் என்றது. சட்டம் இருக்கட்டும். விடுமுறை நாளிலே, நீதிமன்றம் குறித்த இரண்டு மணி நேரம், ஓர் அறையிலே தகப்பனும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாயா? தகப்பன் பொம்மை வாங்கி வந்திருப்பான். பிள்ளை வாங்கலாமா என்று கதவுப் பக்கம் திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கும். ஆறு வயதில் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும் அரசியலை நாம் அறுபதிலும் கற்கவில்லை.

ஆண்கள் எல்லாரும் அரக்கர், பெண்கள் எல்லாரும் தேவதைகள் என்று நான் எழுதவரவில்லை. அப்படி எழுதிய என் நாடகங்களின் கதியைத்தான் மேலே சொன்னேனே. வேலை போய், கடன் ஏறி, கட்ட வழியின்றியே கூண்டில் நிற்பவனும் உண்டு. வெஞ்சினத்தால் வழக்கிலே வயதான மாமனாரையும் எங்கோ வாழும் நாத்தனாரையும் இழுத்து விடுவோரும் உண்டு. பிள்ளையைப் பார்க்க விடாமல் பழிவாங்கும் தாயும் உண்டு. இருவரின் வரவு செலவையும் முதலிலேயே மேசைமீது விரித்தால், இந்த வெறியிலே பாதி தணியும். பொய் சொல்லும் வழி இருக்கும்வரை இரு பக்கமும் பொய் சொல்லும்.

இனி உன்னிடம் வருகிறேன். ஆம், உன்னிடம்தான்!

அந்தப் பெண் முதலில் நீதிமன்றத்துக்குப் போவதில்லை, தோழா. உன்னிடம் வருகிறாள். கொடி பறக்கும் கிளை அலுவலகத்துக்கு வருகிறாள். ஊரிலே செல்வாக்குள்ளவர், நாலு பேர் மதிப்பவர், சொன்னால் கேட்பார்கள் என்று நம்பி வருகிறாள். நீ என்ன செய்கிறாய்? நாற்காலி போடுகிறாய், தேநீர் வரவழைக்கிறாய், இரு வீட்டாரையும் அழைக்கிறாய். அவனும் நம் ஆள்தான். சுவரொட்டி ஒட்டியவன், தேர்தலில் உழைத்தவன். அவனுடைய மாமன் வார்டு உறுப்பினர். நள்ளிரவு வரை பேச்சு. ஒன்று, "அனுசரித்துப் போம்மா" என்று அடித்த கையிடமே அனுப்பிவைக்கிறாய். அல்லது 20 ரூபாய்ப் பத்திரத்தாளை எடுத்து எழுத வைக்கிறாய்: இன்ன தொகை பெற்றுக்கொண்டேன், பண்டபாத்திரம் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, ஜீவனாம்சம் கேட்க மாட்டேன், எந்த நீதிமன்றமும் போக மாட்டேன். சாட்சிக் கையெழுத்து யாருடையது? உன்னுடையது!

அந்தத் தாளின் மதிப்பு என்ன என்று கேட்டுக்கொண்டாயா? அறுத்துக் கட்டும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டென மெய்ப்பிக்கப்படாத வரை, அது திருமணத்தை முறிக்காது. அதை நம்பி அவள் மறுமணம் செய்துகொண்டால் அந்த மணம் செல்லாமற் போகலாம். ஜீவனாம்ச உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதும் ஒப்பந்தம் பொதுக்கொள்கைக்கு மாறானது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் இதை அவளுக்கு யார் சொல்வது? கையெழுத்திட்டுவிட்டோமே என்று ஆயுள் முழுதும் வாயை மூடிக் கிடப்பாள். கட்டப் பஞ்சாயத்தை ஒழிப்போம் என்று மாற்றாரைப் பார்த்து முழங்குகிறோம். நம் கொட்டகையிலே நடந்தால் அதற்குப் பெயர் சமரசமா?

பேகனிடம் போன புலவர்கள் 'திரும்பிப் போ' என்று அவனிடம் சொன்னார்கள். நீ 'திரும்பிப் போ' என்று அவளிடம் சொல்கிறாய். அவர்கள் அவன் தரும் பரிசிலைத் துறந்து அவள் பக்கம் நின்றார்கள். உனக்கு ஒரு சுவரொட்டிக்காரனைத் துறக்க மனமில்லை.

நீ செய்யக் கூடியது உண்டு. பெரிய காரியமும் இல்லை. ஜீவனாம்ச மனுவை அவள் தான் இருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். கணவன் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. அந்தக் கதவு எதுவென்று தெரியாமல் தரகர் கையிலே தாலியை விற்றுக் கொடுத்தவர்களை நான் அறிவேன். திருமணத்திலே அவளுக்குப் போட்ட நகை அவளுடையது, அவளுடையது மட்டுமே என்று 1985இல் உச்சநீதிமன்றம் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், தான் வாழ்ந்த வீட்டிலிருந்து அவளை வெளியே தள்ளவொட்டாமல் காக்கிறது. மாவட்டந்தோறும் அதற்குப் பாதுகாப்பு அலுவலர் உண்டு. இவற்றை நீ கற்றுக்கொள். அவளோடு பேருந்திலே ஏறிப் போ. அல்லது, அதுவே மேல், மகளிர் அணித் தங்கை ஒருத்தியை அனுப்பு. நாற்காலியை நீதிபதிக்கு விடு.

தங்கையே, உனக்கும் ஒரு சொல். வீட்டு ரசீதுகளைப் பத்திரப்படுத்து. நகை வாங்கிய சீட்டு, திருமணப் பதிவுச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, அவன் சம்பளச் சீட்டு ஒன்றின் படி. இது அவநம்பிக்கை அன்று. நிலம் வைத்திருப்பவன் பட்டாவைப் பெட்டியிலே வைக்கிறானே, யாரை நம்பாமல் வைக்கிறான்?

அடுத்த திங்கள் அந்த நாடகத்தை மீண்டும் மேடையேற்றுகிறோம். கடைசிக் காட்சியை மாற்றிவிட்டேன். தாலி வீசும் வசனம் போயிற்று. நாயகியாக நடிப்பவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. இப்போது திரை தூக்கினால் காலை நேரம், நீதிமன்றத் தாழ்வாரம், ஒரு மரப்பெஞ்சு. பிள்ளை மடியிலே உறங்குகிறது. கையிலே துணிப்பை. தொலைவிலே பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அவள் எழுகிறாள். அவ்வளவுதான், திரை விழும். கைதட்டல் வராது என்று எங்கள் குழு மேலாளர் இப்போதே கைபிசைகிறார். முதல் நாள் ஆட்டத்தை அந்தத் தென்மாவட்டத்து ஊரிலேயே வைத்திருக்கிறோம். மூதாட்டி இருக்கிறாரா என்று கேட்டு அங்குள்ள தோழருக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.